முழங்காலுக்குச் சிகிச்சை, தொடையில் நோ

பழுதுபட்டது முழங்கால். சத்திரசிகிச்சை செய்யப்பட்டதும் முழங்காலில். அது குணமாகியும் விட்டது. ஆயினும் நோகின்றது தொடை! இப்படி ஒருவர் சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பர்? "மாஸ்ரருக்குப் பழுது காலிலை இல்லை, மேலை எங்கையோ" என்றுதான் நினைப்பர். அந்தக் கூச்சத்தினாலேயே நாம் ஏறத்தாழ ஒன்றரை வருடகாலம் எமது தொடை நோவைப் பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை. வீட்டாருக்கும் வைத்தியம் பார்த்தோருக்கும் மாத்திரமே தெரியும். அவ்வாறு மறைத்ததனால் எமக்கு நேர்ந்த கேடு சிறிது; எம்மிடம் படித்த ஒரு பிள்ளைக்கு நேர்ந்தது பெரிது. அதனைச் சொல்லவே இன்று பேனாவை எடுத்தோம்.

2022ஆம் ஆண்டு தைப்பொங்கலை அடுத்து எமது ஊர்ச் சனசமூக நிலையத்தார் கரப்பந்தாட்டப் போட்டியொன்றை நடத்தினர். மணமானவர் ஓரணி, மணமாகாதவர் மற்றோரணி. அப்போது எமக்கு நாற்பத்துமூன்று வயது. இல்லாள் தடுத்தாள், கேட்டோமில்லை. வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடித்துவிட்டு இறங்கியபோது வலப்பாதம் நிலத்தில் ஊன்றி நின்றுவிட்டது. உடல் மாத்திரம் இடப்புறம் திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட முழங்கால் உட்புறமாக மடிந்தது. காய்ந்த பூவரசங்கொப்பு முறிந்தாற்போல ஓர் ஓசை. அன்று பொழுதுபடுவதற்கு முன் முழங்கால் செவ்விளநீர் அளவுக்கு வீங்கிவிட்டது. அந்தப் புள்ளி மணமானவர்களுக்கே கிடைத்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்கின்றோம்.

முழங்காலின் உள்ளே, தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் இணைத்து, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் இரண்டு இணையங்கள் உள்ளன. கணைக்காலெலும்பு முன்னே வழுக்கிப் போகாமலும், கால் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போது மூட்டு விலகாமலும் காப்பது அவற்றுள் முன்னிணையம். விளையாட்டுப் பிள்ளைகள் 'ஏ.சி.எல்.' என்று சொல்வது இதனையே. அது அறுந்தால் பெரும்பாலும் பழையபடி தானாகப் பொருந்துவதில்லை. ஆனால் அறுந்தவர் எல்லோரும் கத்திக்குப் போகவேண்டும் என்பதுமில்லை. தொடைத் தசைகளைப் பயிற்சியினாற் பலப்படுத்தி, ஓடித் திரும்பிப் பாயும் விளையாட்டுகளை விட்டு, நன்றாகவே வாழ்வோர் பலர். நாமும் அவ்வாறு வாழ்ந்துவிடலாம் என்றே எண்ணினோம். அந்த வருட நடுவில் எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்றதும், நாம் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்ததும் முழங்காலுக்கு ஒருவகையில் நன்மையாகவே முடிந்தன. சைக்கிள் மிதித்தால் தொடை பலப்படும், மூட்டு முறுகுவதுமில்லை. முறுகியது சைக்கிளை விட்டு இறங்கும்போதுதான்! இரண்டு முறை அவ்வாறு கால் விட்டுக்கொடுத்தது. மூன்றாம் முறை வகுப்பறையில். பிள்ளைகளைப் பார்த்து நின்றவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினோம்; வெண்கட்டியும் நாமும் ஒன்றாக நிலத்தில் விழுந்தோம். பிள்ளைகள் முதலிற் சிரித்தனர். பின்னர் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமலே சத்திரசிகிச்சைக்கு இணங்கினோம். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம் கழிந்து, எமக்கு நாள் கிடைத்தது 2023ஆம் ஆண்டு மாசியில்.

அறுந்ததைத் தைத்து ஒட்டும் முயற்சி பழையது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ றொப்சன் என்பார் 1895இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலைத் திறந்து இணையங்களைத் தைத்தார். அத்தொழிலாளிக்கு வயது நாற்பத்தொன்று என்று வாசித்தபோது, இந்த வயதிற் காலை முறித்தவர் நாம் மாத்திரம் அல்லர் என்று ஒரு சிறு ஆறுதல். ஆனால் வெறும் தையல் பலருக்கு நிலைப்பதில்லை. ஆகவே உடலின் வேறோரிடத்திலிருந்து ஒரு நாணை எடுத்துப் புதிய இணையம் செய்யும் முறை வளர்ந்தது. தொடையின் பின்புறத் தசைநாணை இதற்குப் பயன்படுத்தும் முறையை இத்தாலியரான றிக்கார்டோ கலியாற்சி 1934இல் எழுதினார். எமக்குச் செய்யப்பட்டதும் அந்த மரபில் வந்த ஒரு முறையே.

அம்முறையை வாசகர் சற்று அறிந்திருத்தல் வேண்டும். தொடை நோவின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கின்றது. தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் உள. முழங்காலை மடக்குவதும், குதிக்காலைப் பிட்டத்தை நோக்கி இழுப்பதும் அவற்றின் வேலை. அவற்றுள் உட்பக்கமாக ஓடும் ஒன்றின் நாணையும், அதன் அயலில் உட்தொடையிலிருந்து இறங்கும் மெல்லிய தசையொன்றின் நாணையும் எடுக்கின்றனர். இரண்டும் வந்து முடிவது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணைக்காலின் உட்புறத்தில். அங்கே இரண்டு விரலகலத்துக்கு வெட்டி, நாணின் நுனியைப் பிடித்து, குழாய்போன்ற ஒரு கருவியை அந்நாண் வழியே மேலே தொடைக்குள் செலுத்துவர். தசையிலிருந்து நாண் உரிந்து நீண்ட கயிறுபோலக் கையோடு வந்துவிடும். ஒரு முழத்திற் குறைந்த அந்தக் கயிறுகளை மடித்து நான்கு புரியாக்கினால் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் தடிப்பு, அதாவது ஒரு பென்சிலிலும் சற்றுப் பருமன். எலும்புகளிற் துளையிட்டு அதனைக் கோத்து இறுக்கிவிடுவர்.

இதிலே கவனிக்கத்தக்கது ஒன்று. தொடையின் மேலே ஒரு கீறல்கூட இல்லை. தையல் எல்லாம் முழங்காலைச் சுற்றியே. ஆகவே தொடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று நோயாளியும் நம்புகின்றார், வீட்டாரும் நம்புகின்றனர். எமக்கு வைத்தியசாலையிற் கொடுத்த துண்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. காயத்தை நனைக்க வேண்டாம், இத்தனை நாளிற் தையல் வெட்ட வாருங்கள், பயிற்சி செய்யுங்கள். தொடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, சத்திரவைத்தியத்துக்கும் உடற்கூற்றுக்கும் தமிழில் நூல்கள் ஆக்கிய நாடு இது. அந்நாட்டில் ஒரு பட்டதாரி ஆசிரியர் தம் தொடை ஏன் நோகின்றது என்று அறியத் தமிழில் ஒரு பக்கம் கிடைக்காமல் அலைந்தார் என்றால், வெட்கப்பட வேண்டியவர் அவர் ஒருவர்தானா?

முதற்கிழமை தொடையின் உட்புறம் நாவற்பழ நிறமாகக் கறுத்து, அந்தக் கறுப்பு நாளுக்கு நாள் கீழிறங்கிக் கெண்டைக்கால் வரை வந்தது. உரிக்கப்பட்ட நாணின் பாதையிற் கசிந்த இரத்தம் அது, தானே வடிந்துவிடும். எமது தாயாருக்கு அது தெரியாது. "தம்பி, முழங்காலைத்தானே வெட்டினவையள், உனக்கேன் துடை நோகுது? பிழையாய் ஏதும் செய்துபோட்டினமோ?" என்று மூன்று வேளையும் கேட்பார். எமக்கும் விடை தெரியாது. அவர் அன்போடு முழங்காலின் கீழே இரண்டு தலையணைகளை வைத்துவிடுவார். கால் சற்று மடிந்திருந்தாற் தொடைக்கு மிகவும் சுகம். அந்தச் சுகத்தினால் வரும் தீமை பின்னரே தெரிந்தது: முழங்கால் நேராக நீளும் பழக்கத்தை இழந்துவிடும். தலையணை வைப்பதாயின் குதிக்காலின் கீழேதான் வைக்கவேண்டும்.

மூன்றாங்கிழமை உறவினர் ஒருவர் வந்தார். எங்கள் தகப்பனாருக்கு ஒன்றுவிட்ட தமையன். நோவெண்ணெய் பூசி உருவுவதிற் கைராசிக்காரர். "நரம்பு சுருண்டு கிடக்கு, இழுத்துவிட்டால் சரி" என்றார். பெருவிரலால் தொடையின் பின்புறத்தை அழுத்தி மேலிருந்து கீழாக உருவினார். அன்றிரவு தொடை சுட்டது. நான்கு நாள் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. நோவெண்ணெயை நாம் பழிக்கவில்லை. வேலை செய்து களைத்த காலுக்கு அதனிலும் இதமானது வேறில்லை. ஆனால் புதிதாக உரிக்கப்பட்ட இடத்தை அழுத்தி உருவுதல் ஆறுகின்ற புண்ணைச் சுரண்டுவதற்கு ஒப்பாகும். அன்றியும், சத்திரசிகிச்சை முடிந்த சில கிழமைகளுக்குக் காலின் நாளத்தில் இரத்தம் கட்டிபடும் அபாயம் உண்டு; அவ்வேளையில் அழுத்தி உருவினால் கட்டி இடம்பெயர்ந்து நெஞ்சுக்கும் போகலாம் என்று வைத்தியர் பின்னர் சொன்னபோது எமக்கு வேர்த்துவிட்டது.

இத்தனைக்கும் மேலான மூடத்தனம் எமது சொந்தக் கைவரிசை. ஐந்தாங்கிழமை. முழங்கால் நன்றாயிருந்தது, ஊன்றுகோலை விட்டுவிட்டோம். தொடை மாத்திரம் இறுகிக் கிடந்தது. இறுகியதை நீட்டினால் இளகும் என்பது எமது தருக்கம். கட்டிலில் இரண்டு காலையும் நீட்டியிருந்து, மாணவப் பருவத்தில் உடற்பயிற்சி வகுப்பிற் செய்ததுபோல, குனிந்து கால்விரலைத் தொட முயன்றோம். தொடையின் பின்னே பட்டென்று ஏதோ தெறித்தது. கண் இருண்டது. புதிய இணையம் அறுந்துவிட்டது, சத்திரசிகிச்சை பாழ், மீண்டும் கத்தி, மீண்டும் லீவு, மீண்டும் கடன் என்று விடியும்வரை கணக்குப் பார்த்துக் கிடந்தோம். இல்லாளை எழுப்பவுமில்லை. எழுப்பியிருந்தால் கரப்பந்தாட்டம் வரை கதை போயிருக்கும்.

மறுநாட் காலை வைத்தியர் எமது கணைக்காலைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்தார். இணையம் உறுதியாகவே இருந்தது. தெறித்தது தொடையிலே, நாண் உரிந்த இடத்திற் புதிதாக ஒட்டத் தொடங்கிய இளந்தழும்பு. இது பலருக்கு நேர்வதாம். செருப்பை மாட்டக் குனியும்போது, கட்டிலிற் குதிக்காலைப் பின்னே இழுக்கும்போது, சறுக்கி ஒரு கால் முன்னே போகும்போது திடீரென்று பற்றிப் பிடிக்கும். பயம் பெரிது, கேடு சிறிது. சில நாள் ஓய்ந்திருந்தால் அடங்கிவிடும். எமக்கு இரண்டு கிழமை எடுத்தது.

அதன் பின்னர்தான் இயன்மருத்துவரிடம் ஒழுங்காகப் போகத் தொடங்கினோம். அவர் எம்மிடம் படித்த மாணவனின் தமக்கை. எம்மிலும் பதினைந்து வயது இளையவர். கண்டிப்பிலோ எமது பழைய அதிபரையும் விஞ்சியவர். அவர் முதலிற் சொன்ன செய்தி எம்மை வியப்பில் ஆழ்த்தியது. எடுக்கப்பட்ட நாண் பெரும்பாலானோருக்கு மீண்டும் வளர்கின்றதாம்! எம்.ஆர்.ஐ. படங்களில் இதைக் கண்ட வைத்தியர்கள் 'பல்லிவால் நிகழ்ச்சி' என்று இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். உரிந்த பாதையிற் தேங்கிய இரத்தமும் தழும்பும் படிப்படியாக நாண்போன்ற ஓர் இழையமாக மாறிக் கீழ்நோக்கி வளரும். மாதக்கணக்கு எடுக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும், சிலருக்கு வளர்வதேயில்லை. வளர்ந்தாலும் பழைய இடத்திற் பொருந்தாமல் சற்று மேலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. தசையும் முன்னையிலும் குறுகியிருக்கும். ஆகவேதான் காலை முற்றாக மடக்கும்போது அது பலங்குன்றி, வலித்து இழுக்கின்றது. வளரும் வரையில் அதன் வேலையையும் அயலிலுள்ள தசைகளே சுமப்பதால் அவையும் நோகின்றன. வீட்டில் ஒருவர் வெளிநாடு போனால் மற்றவர்க்கு வேலை கூடுவதில்லையா? அதுபோல.

"அப்படியானால் வளருமட்டும் சும்மா கிடக்கலாமோ?" என்று ஆவலோடு கேட்டோம். "கிடந்தால் தசை வத்தும், சேர். நோகும் எண்டு ஓடவும் கூடாது, நோகட்டும் எண்டு ஏறி விழவும் கூடாது" என்றார். அவர் வகுத்த முறை சுருக்கமானது. பூச்சியம் நோவின்மை, பத்து தாங்கொணா நோவு என்று வைத்துக்கொள்க. பயிற்சியின்போது மூன்று வரை நொந்தாற் தொடரலாம். அதனை மிஞ்சினாலோ, மறுநாட் காலையிலும் நோவு மிச்சமிருந்தாலோ அடுத்த முறை பாரத்தைக் குறைக்கவேண்டும். இதற்கென ஒரு கொப்பியில் நாள்தோறும் எண் எழுதினோம். பிள்ளைகளுக்குப் புள்ளியிட்டுப் பழகிய கைக்கு அது பிடித்த வேலைதான்.

முதலில் மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடித்து, குதிக்காலை நிலத்தில் அழுத்தி ஐந்து எண்ணி விடுவது. கால் அசையாது, தசை மாத்திரம் இறுகும். இதையும் எண்ணிய நாளிற் தொடங்கக் கூடாது. ஆரம்பக் கிழமைகளில் பின்தொடையைப் பாரமேற்றாமல் விடுவதே வழக்கம். எப்போது தொடங்கலாம் என்பதைக் கத்தி பிடித்தவரே சொல்லவேண்டும். பின்னர் சிமெந்து நிலத்தில் குதிக்காலின் கீழே ஒரு துணியை வைத்துக் காலை வழுக்கி இழுப்பது. அதன் பின் இரண்டு பாதத்தையும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது. அது இலகுவானதும் ஒரு பாதத்தில். அதற்கும் பின்னே குப்புறப் படுத்துக் குதிக்காலை மேலே மடக்குவது, முதலில் வெறுங்காலாக, பிறகு கணுக்காலில் ஒரு கிலோ மணற்பையுடன். பாரம் ஏற்றும் பயிற்சி ஒன்றுவிட்ட நாளில், தினமும் அல்ல. நீட்டி இழுக்கும் பயிற்சி மிகப் பிந்தியே வந்தது, அதுவும் மெதுவாக. முழந்தாளில் நின்று உடலை முன்னே சாய்த்து இறக்கும் கடும்பயிற்சி ஒன்றுண்டு, உதைபந்தாட்டக்காரர் செய்வது. அது எமது வயதுக்கும் வண்டிக்கும் வேண்டாம் என்று அவரே தள்ளிவிட்டார்.

இங்கே ஒரு விபரீதத்தையும் சொல்லவேண்டும். முழங்காலில் வைத்த புதிய நாண் முதலிற் தன் உயிரணுக்களை இழந்து, பின்னர் புதிய இரத்தக் குழாய்கள் ஊடுருவி உயிர்பெறுகின்றது. ஏறக்குறைய ஆறாங்கிழமை தொடக்கம் மூன்றாம் மாதம் வரை அது மிக நொய்ந்திருக்கும். ஆனால் அதே காலத்திற்றான் முழங்கால் நோவின்றி, வீக்கமின்றி, முற்றும் சுகமானதுபோலத் தோன்றும். உண்மையில் நோகாத இடமே அப்போது ஆபத்தானது. நோகின்ற தொடையோ ஆறிக்கொண்டிருக்கின்றது. ஓடியாடும் விளையாட்டுக்கு ஒன்பது மாதமாவது பொறுக்கவேண்டும் என்பது இதனாலேயே.

நோவுக் குளிசை பற்றி எமக்குச் சொன்னது: பரசிற்றமோல் அளவோடு போதும், வலுவான குளிசைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளோர் வைத்தியரைக் கேளாமல் எடுத்தலாகாது. முதற்கிழமைகளில் துணியிற் சுற்றிய ஐஸ்கட்டி ஒரு கால்மணி நேரம் நன்மை செய்யும். கணைக்காலின் உட்புறத்தில் உள்ளங்கை அளவு மரத்துப்போயிருக்கும். தோலுக்குச் செல்லும் சிறு நரம்பு வெட்டுப்பட்டதனால் வருவது, பெரும்பாலும் நாளடைவிற் குறையும். ஆனால் கெண்டைக்கால் வீங்கிச் சூடேறி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, காய்ச்சலோடு காயத்திற் சீழ் வந்தாலோ, பாதம் தூக்க முடியாமற் போனாலோ, முழங்கால் மறுபடி விட்டுக்கொடுத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மாதங்கள் பல சென்றும் தொடை குறையாமல் நொந்தால், நாரியிலிருந்து இறங்கும் நரம்பு நோவா என்றும் பார்க்க வேண்டும். எல்லாத் தொடை நோவும் நாண் எடுத்த நோவு அன்று.

இவ்வளவும் எமக்குத் தெரிந்திருந்தது. 2024ஆம் ஆண்டு ஆனியில் அந்தப் பிள்ளை வந்து கேட்டபோதும் தெரிந்திருந்தது.

உயர்தர வகுப்பு மாணவி. பாடசாலை வலைப்பந்தாட்ட அணியிற் சிறந்தவள். பந்தைப் பிடித்துக்கொண்டு சட்டென்று நின்றபோது எமக்கு அறுந்த அதே இணையம் அவளுக்கும் அறுந்தது. இவ்வகை விளையாட்டுகளில் ஆண்பிள்ளைகளிலும் பெண்பிள்ளைகளுக்கே இது கூடுதலாக நேர்கின்றது. அவளுக்கும் தொடை நாணெடுத்துச் சத்திரசிகிச்சை என்று முடிவாயிற்று. தகப்பனார் தோட்டஞ் செய்பவர். மகளோடு எமது வீட்டு விறாந்தையில் வந்து கதிரையின் நுனியில் இருந்தார். "மாஸ்ரர், நீங்கள் செய்தனீங்கள்தானே. பயப்பிடத் தேவையில்லையோ?" என்றார். அவள் கேட்டது அதனிலும் நேரான கேள்வி. "சேர், பேந்து நோகுமோ? உங்களுக்கு இப்ப நோகுதோ?"

அன்று காலையிற்றான் பிள்ளையார் வாசலிற் தோப்புக்கரணம் போடப் போய், பாதியளவில் தொடை பிடித்திழுக்க, தூணைப் பற்றி எழுந்து வந்திருந்தோம். ஆயினும், "ஒன்றும் நோகாது பிள்ளை. மூன்று மாதத்தில் எல்லாம் சரி. எனக்கு ஒன்றுமே இல்லை" என்று சொன்னோம். பயந்து பின்வாங்கிவிடுவாளோ என்ற எண்ணம் ஒரு காரணம். அதையே முழுக் காரணமாகச் சொல்லி நல்லவராகிவிட மாட்டோம். மாணவியின் முன்னே நோயாளியாக நிற்க விருப்பமில்லாததும் ஒரு காரணம்.

புரட்டாதி பிறக்குமுன் அவளுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. ஐந்தாங்கிழமை தகப்பனார் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை ஒன்பது நாளாகப் பயிற்சி செய்யவில்லை, கட்டிலைவிட்டு இறங்குவதுமில்லை, புத்தகம் தொடுவதுமில்லை, வைத்தியசாலைக்கு வா என்றாலும் வருகிறாளில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனோம். முழங்காலின் கீழே தலையணை. அதை எடுத்துக் காலை நீட்டச் சொன்னோம். முழங்காலின் கீழே எமது கை புகும் அளவுக்கு இடைவெளி நின்றது. அவள் எம்மைப் பார்க்காமற் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "துடையிலை பட்டெண்டு ஒண்டு தெறிச்சது, சேர். எல்லாம் அறுந்துபோச்சு. உங்களுக்கு ஒண்டுமே நோகேல்லை எண்டனீங்கள். எனக்கு மட்டும் பிழைச்சுப்போச்சு."

இருபது வருட ஆசிரியத் தொழிலில் எமது விடைத்தாளை ஒரு பிள்ளை திருத்தியது அன்றுதான்.

நாம் ஒன்றும் விளக்கவில்லை. தாயாரிடம் ஒரு பாயைக் கேட்டு வாங்கிச் சிமெந்து நிலத்தில் விரித்தோம். காற்சட்டையோடு குப்புறப் படுத்து இரண்டு குதிக்காலையும் மேலே மடக்கிக் காட்டினோம். இடக்குதி பிட்டத்தைத் தொடும் அளவுக்கு வந்தது. வலக்குதி ஒரு சாணுக்கு முன்னே நின்றுவிட்டது. மேலும் இழுத்தபோது தொடை நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவள் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் நோகுது, பிள்ளை. ஒன்றரை வருசமாய் நோகுது. எனக்கும் ஐந்தாங்கிழமை பட்டெண்டு தெறிச்சது. அண்டைக்கு உன்னிடம் பொய் சொல்லிப்போட்டன்" என்றோம். தகப்பனார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எம்மை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் இயன்மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இணையம் உறுதியாகவே இருந்தது. போனது ஒன்பது நாளும் முழங்காலின் நீட்சியும். முழங்கால் நீளாமல் ஆறிவிட்டால் உள்ளே தழும்பு வளர்ந்து, நடையே கோணலாகி, அதனை அகற்ற மறுபடி கத்தி வைக்கவும் நேரலாம். குதிக்காலைச் சிறு தலையணையில் ஏற்றி, முழங்காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம், நாளுக்குப் பலமுறை, தொடை கூக்குரலிடும். கார்த்திகையில் உயர்தரப் பரீட்சை. மழைவெள்ளத்தினால் அப்பரீட்சை இடையிற் சில நாள் தள்ளிப்போனது யாவரும் அறிந்ததே. மற்றப் பிள்ளைகள் அந்நாட்களிற் புத்தகத்தோடு இருந்தனர். இவள் ஒரு கையிற் புத்தகமும் குதியிற் தலையணையுமாக இருந்தாள். கடைசிப் பாடத்துக்கு மண்டபத்துள் நடந்து போனபோது கால் ஏறத்தாழ நேராகிவிட்டது. 'ஏறத்தாழ' என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே எழுதுகின்றோம். முற்றாக நேராக மேலும் ஏழு கிழமை சென்றது. அவ்வளவும் எமது ஒரு வாக்கியத்தின் விலை.

2025ஆம் ஆண்டு ஆவணியில் அவள் வீட்டுக்கு வந்தாள். பாயும் சோதனை, ஒற்றைக் காலிற் குதிக்கும் சோதனை எல்லாம் தேறி, மறுபடி பந்தைத் தொட அநுமதி கிடைத்திருந்தது. அவளுடைய பழைய அணியில் இன்னொரு சிறுபிள்ளைக்கு அதே பழுதாம். அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. அப்பிள்ளைக்குக் கொடுக்க, தன் கொப்பியில் ஒவ்வொரு கிழமையும் எங்கெங்கே நொந்தது, எவ்வளவு நொந்தது என்று தமிழில் எழுதிவைத்திருந்தாள். எமது கணக்கையும் சேர்க்கவேண்டும் என்று பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்.

"சேர், உண்மையைச் சொல்லுங்கோ. இப்ப நோகுதோ?"

"நடக்கேக்கை இல்லை. படி இறங்கேக்கையும் இல்லை. சப்பாணி கட்டியிருந்து எழும்பேக்கை கொஞ்சம்."

"பத்திலை எவ்வளவு?"

"இரண்டு" என்றோம். பின்னர் சற்று யோசித்து, "மழை நாளிலை மூன்று எண்டு போடு" என்றோம். எழுதிக்கொண்டாள்.